பட்டடை வாங்குவதற்கு முன்: தோட்டத்து ஊரில் ஒரு சிறு கொல்லுப் பட்டறை

கொல்லுத் தொழிலைப் பகுதி நேர வேலையாகவோ விருப்பத்துக்காகவோ கற்றுக்கொள்ள நினைப்பவர்கள் முதலில் தேடி அலைவது, பழுத்த இரும்பை வைத்து அடிக்கும் பட்டடையைத்தான். ஒரு பக்கம் கொம்பும் மறுபக்கம் வாலுமாகப் படங்களில் பார்த்த அந்தக் கனத்த இரும்பு கைக்கு வந்தால்தான் தொழிலைத் தொடங்க முடியும் என்று எண்ணி, அது கிடைக்காமலோ, கிடைத்தும் விலை கட்டுப்படியாகாமலோ பலர் அந்த எண்ணத்தையே விட்டுவிடுகிறார்கள். பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டத்து ஊர்களில் இப்படி நடப்பது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது. செம்பனைக் குலை அறுக்கும் அரிவாளும், இளமரத்தில் குலை வெட்டும் உளியும், பாராங் கத்தியும், மண்வெட்டியும் நாள்தோறும் புழங்கும் ஊர் இது. அவற்றை அடித்துத் திருத்தித் தரும் கை இங்கே என்றும் தேவைப்படும். உலைக்கு வேண்டிய நல்ல கரியும் அடிப்பதற்கேற்ற எஃகும் பக்கத்திலேயே கிடைக்கின்றன. பட்டடை ஒன்றுதான் தடை என்றால், அந்தத் தடை எவ்வளவு உண்மையானது என்பதைப் பார்த்துவிட வேண்டும்.

புதிதாகத் தொடங்குபவருக்குப் பெயர் பெற்ற பட்டடை தேவையில்லை என்பதே என் முடிவு. இருபத்தைந்து, முப்பது கிலோ எடையுள்ள எஃகுக் கட்டை ஒன்றை நிமிர்த்தி, அசையாதபடி நிறுத்திக்கொண்டால், கற்றுக்கொள்ளும் காலத்து வேலைகளில் பெரும்பாலானவற்றை அதிலேயே செய்யலாம். பட்டடையின் தோற்றத்துக்குச் செலவிடும் பணத்தைவிட, அதன் உயரத்துக்கும் நிலைக்கும், உலைக்கும் அதற்கும் இடையே உள்ள அமைப்புக்கும் செலவிடும் உழைப்பே கூடுதல் பலன் தரும்.

ஏன் என்பதைப் புரிந்துகொள்ள, சுத்தியல் விழும்போது நடப்பதைக் கவனிக்க வேண்டும். பழுத்த இரும்பின் மேல் சுத்தியல் விழும்போது அதன் ஆற்றலில் ஒரு பகுதி இரும்பை நசுக்குகிறது. மீதி, கீழே உள்ள பட்டடையை நகர்த்துவதிலும் அதிரவைப்பதிலும் வீணாகிறது. பட்டடை எதனோடும் கட்டப்படாமல் தனியே நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், பட்டடையின் எடையைப் பட்டடையும் சுத்தியலும் சேர்ந்த மொத்த எடையால் வகுத்துக் கிடைப்பதுதான் இரும்பை நசுக்கப் பயன்படும் பங்கு. 1 கிலோ சுத்தியலுக்கு 5 கிலோ இரும்பு தாங்கலாக இருந்தால் அந்தப் பங்கு 83 விழுக்காடு. 25 கிலோ இருந்தால் 96 விழுக்காடு. 100 கிலோ இருந்தால் 99 விழுக்காடு. ஐந்திலிருந்து இருபத்தைந்துக்குப் போவதில் கிடைக்கும் ஆதாயம் பெரியது. இருபத்தைந்திலிருந்து நூறுக்குப் போவதில் கிடைப்பது மூன்று விழுக்காடுதான். சுத்தியலின் எடையைப் போல் ஐம்பது மடங்கு பட்டடைக்கு இருக்க வேண்டும் என்று கொல்லர்கள் சொல்லும் பழக்கக் கணக்கு, பட்டடை தானாகவே அசையாமல் நிற்பதற்காகச் சொல்லப்படுவது. எடை குறைந்த கட்டையைக் கனமான அடிமரத்தோடு இறுகப் பிணைத்துவிட்டால் அந்தக் குறையில் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடலாம்.

இந்தக் கணக்கில் அடங்காத ஒன்று உண்டு. கனம் சுத்தியலுக்கு நேர் கீழே இருக்க வேண்டும். நீளமும் மெல்லிய உடலும் உள்ள ஓர் இரும்பைப் படுக்கவைத்து நடுவில் அடித்தால், அது வளைந்து கொடுத்து அடியை விழுங்கிவிடும். அதே இரும்பை நிமிர்த்தி வைத்து அதன் தலையில் அடித்தால், முழு நீளத்தின் கனமும் அடிக்கு எதிராக நிற்கும். தண்டவாளத் துண்டைப் படுக்கவைத்துப் பட்டடையாகப் பயன்படுத்துபவர்கள் அது சரியில்லை என்று குறைப்படுவதற்கு இதுவே காரணம்.

இனி, கொம்பு வைத்த பட்டடையையே வாங்க வாய்ப்பு அமைந்தவர்களுக்காக. நாம் படங்களில் காணும் வடிவம் லண்டன் வகை எனப்படும். தட்டையான மேல்பகுதி முகம். வளைவான வேலைகளுக்குக் கொம்பு. கொம்புக்கும் முகத்துக்கும் நடுவே சற்றுத் தாழ்ந்திருக்கும் சிறு படி. வால்பக்கத்தில் வெட்டுளி போன்ற துணைக்கருவிகளைச் செருகுவதற்கு ஒரு சதுரத் துளை. துளையிடும்போது உளியின் முனை கீழே இறங்குவதற்கு ஒரு வட்டத் துளை. படி மட்டும் மென்மையாக விடப்பட்டிருக்கும்; உளியால் வெட்டும் வேலையை அங்கே வைத்துக்கொண்டால் உளியின் முனை கெடாது.

இப்படிப்பட்ட பழைய பட்டடைகள் நம் பக்கத்தில் கிடைப்பதற்குக் காரணம் உண்டு. பெரிய தோட்டங்கள் தமக்கெனப் பட்டறை வைத்துக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களும் அவ்வாறே. 1985-இல் உலக ஈயச் சந்தை சரிந்தபின் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடின. தோட்டங்களும் கைமாறின, துண்டாடப்பட்டன. அந்தப் பட்டறைகளில் இருந்த தளவாடங்கள் பழைய இரும்புக் கடைகளுக்கும் தனியார் வீடுகளின் பின்கட்டுக்கும் போய்ச் சேர்ந்தன. ஈப்போ, பத்து காஜா, தைப்பிங் பக்கத்துப் பழைய இரும்புக் கடைகளில் கேட்டு வைத்தால், என்றாவது ஒரு நாள் அழைப்பு வரக்கூடும்.

அப்படி ஒன்று கண்ணில் பட்டால், பக்கவாட்டில் உள்ள எழுத்தையும் எண்ணையும் முதலில் பார்க்க வேண்டும். டட்லி நகரின் பீட்டர் ரைட், ஷெஃபீல்டின் மவுஸ் ஹோல் முதலிய ஆங்கிலேயத் தயாரிப்புகளில் மூன்று எண்கள் இடைவெளி விட்டுப் பொறிக்கப்பட்டிருக்கும். முதல் எண் 112 பவுண்டு கொண்ட அந்தர், இரண்டாவது எண் அதில் கால் பங்கான 28 பவுண்டு, மூன்றாவது எண் தனிப் பவுண்டு. 1, 2, 10 என்று இருந்தால் 112-உம் 56-உம் 10-உம் சேர்ந்து 178 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 81 கிலோ. நடு எண் 3-ஐத் தாண்டாது, கடைசி எண் 27-ஐத் தாண்டாது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், எழுத்து தேய்ந்திருந்தாலும் எடையை ஊகித்துவிடலாம். தொடங்குபவருக்கு 50 முதல் 75 கிலோ வரை தாராளமாகப் போதும். அதற்கு மேற்பட்டதைத் தனியாளாக நகர்த்துவதே சிரமம்.

அடுத்தது துள்ளல் சோதனை. கையில் ஒரு பேரிங் குண்டும் ஓர் அடி அளவுகோலும் இருந்தால் போதும். அளவுகோலை முகத்தின் மேல் நிமிர்த்திப் பிடித்து, 10 அங்குல உயரத்திலிருந்து குண்டைக் கைவிட்டு, அது எந்த அளவு வரை திரும்பி எழுகிறது என்று பார்க்க வேண்டும். எட்டு, ஒன்பது அங்குலம் வரை எழுந்தால் முகம் நன்கு கடினமாக்கப்பட்ட எஃகு. ஐந்து அங்குலத்தைக்கூட எட்டாமல் சோர்ந்து விழுந்தால், முகம் மென்மையாகிவிட்டது என்றோ, அது வெறும் வார்ப்பிரும்பு என்றோ கொள்ளலாம். ஒரே இடத்தில் சோதித்துவிட்டு நின்றுவிடக் கூடாது. கொம்புப் பக்கத்திலிருந்து வால் வரை, இரண்டு விரல்கடை இடைவெளியில், நடுவிலும் இரு ஓரங்களிலும் குண்டைப் போட்டுக்கொண்டே போக வேண்டும். ஓரிடத்தில் மட்டும் துள்ளல் திடீரென்று இறந்துபோனால், அங்கே எஃகு முகம் அடியிலுள்ள உடலைவிட்டுப் பிரிந்திருக்கலாம். தீ விபத்தில் சிக்கிய பட்டடையில் முகம் முழுவதும் ஒரே சீராகச் சோர்ந்திருக்கும். எல்லாவற்றையும்விட இந்தச் சோதனையையே நான் நம்புகிறேன். விற்பவர் சொல்லும் கதை எதுவானாலும் குண்டு தன் பதிலைச் சொல்லிவிடும்.

ஒலிச் சோதனை அதற்கு அடுத்தபடிதான். சிறு சுத்தியலால் மெல்லத் தட்டினால் நல்ல எஃகுப் பட்டடை மணிபோல் ஒலிக்கும், வெடிப்பு இருந்தால் கரகரக்கும், வார்ப்பிரும்பு மந்தமாகத் தட்டும். ஆனால் இதில் விதிவிலக்கு உண்டு: அமெரிக்காவின் ஃபிஷர் பட்டடைகள் வார்ப்பிரும்பு உடலில் எஃகு முகத்தைப் பிணைத்துச் செய்யப்பட்டவை, அவை ஒலிக்காது, ஆனாலும் சிறந்தவை. தட்டும்போது பெரிய சுத்தியலால் வெற்று முகத்தில் ஓங்கி அடிக்கக் கூடாது. கடினமான எஃகு கடினமான எஃகின்மேல் மோதினால் சில்லு தெறித்துக் கண்ணைக் கெடுக்கும்.

முகத்தின் ஓரங்கள் கொஞ்சம் உடைந்திருப்பதும், நடுவில் லேசான பள்ளம் விழுந்திருப்பதும் பட்டடையை ஒதுக்குவதற்குக் காரணமாகாது. கூரான ஓரம் வேலைக்குக் கேடு. அது பழுத்த இரும்பில் வெட்டு விழச் செய்து, பின்னர் அங்கேயே வெடிப்பு உண்டாக்கும். ஓரங்கள் சற்று உருண்டிருப்பதே நல்லது. கிரைண்டரை எடுத்து முகத்தைச் சமமாக்கும் ஆசை வரும். அதை அடக்கிக்கொள்ள வேண்டும். பல பழைய பட்டடைகளில் கடின எஃகு மேலே ஒரு தகடாக மட்டுமே இருக்கிறது; அதில் ஒவ்வொரு மில்லிமீட்டரும் திரும்பப் பெற முடியாதது.

இணையக் கடைகளில் மலிவாக விற்கும் சிறு பட்டடைகளைப் பற்றி எச்சரிக்கை தேவை. அவற்றில் பல முழுக்க முழுக்க வார்ப்பிரும்பு. வார்ப்பிரும்பில் கரிமம் இரண்டு விழுக்காட்டுக்கு மேல், பெரும்பாலும் மூன்றுக்கும் மேல் இருப்பதால் அது நொறுங்கும் தன்மையுடையது. ஓரம் உடைந்து விழும், முகம் குழியும். வார்ப்பு எஃகு என்று தெளிவாகக் குறித்து விற்கப்படுபவை வேறு. அவை நல்லவையாக இருக்க முடியும். வண்ணம் பூசிப் பளபளப்பாக இருப்பதைக்கொண்டு இரண்டையும் வேறுபடுத்த முடியாது என்பதால், வாங்கும்முன் எந்த உலோகம் என்று எழுத்தில் கேட்டு வாங்குவது முறை.

இனி, பெரும்பாலானவர்களுக்கு நான் பரிந்துரைக்கும் வழிக்கு வருகிறேன். எஃகின் எடையைக் கணக்கிடுவது எளிது: ஒரு கன சென்டிமீட்டருக்கு 7.85 கிராம். 10 சென்டிமீட்டர் விட்டமும் 50 சென்டிமீட்டர் நீளமும் உள்ள உருளைத் தண்டு ஏறக்குறைய 31 கிலோ இருக்கும். 15 சென்டிமீட்டர் விட்டத்தில் 30 சென்டிமீட்டர் நீளம் என்றால் 41 கிலோவுக்கு மேல். செம்பனை ஆலைகளிலும் லோரிப் பட்டறைகளிலும் கழித்துப்போடும் சுழல்தண்டுகள், எந்திர அச்சுகள், ஃபோர்க்லிஃப்ட்டின் தேய்ந்த முள்கள் ஆகியவை பழைய இரும்பின் எடைக் கணக்கில் கிடைக்கும். தண்டின் இரு முனைகளையும் லேத்தில் கொடுத்துச் சமமாக வெட்டி வாங்கிக்கொண்டால், மேல்முனையே முகம். நடுத்தரக் கரிம எஃகாக இருப்பதால் இந்தத் தண்டுகள் பழுத்த இரும்பைத் தாங்குவதற்குப் போதிய கடினம் உடையவை. எப்போதாவது குழி விழுந்தால், வார்ப்பிரும்புபோல் அது உடைந்துபோவதில்லை. மறுபடி லேத்தில் கொடுத்துச் சமப்படுத்திக்கொள்ளலாம்.

தண்டவாளமும் நல்ல தேர்வே. கெஜத்துக்கு 80 பவுண்டு வகைத் தண்டவாளம் மீட்டருக்கு 40 கிலோ அளவில் இருக்கும். அதில் 60 சென்டிமீட்டர் துண்டை நிமிர்த்தி வைத்தால் 24 கிலோ. அதன் எஃகு நல்ல கரிமம் கொண்டது, கடினமானது. மேலே கிடைக்கும் முகம் சிறியதுதான். ஆனால் சுத்தியலின் முகமே நாலு சென்டிமீட்டர் அகலம்தான் இருக்கிறது என்பதையும், ஒரு நேரத்தில் அடிபடுவது அந்த அளவு இடம் மட்டும்தான் என்பதையும் எண்ணிப் பார்த்தால் அது குறையாகத் தோன்றாது. சில தோட்டங்கள் ஆலைக்குக் குலை ஏற்றிச் செல்லப் பயன்படுத்திய குறுந்தண்டவாளம் இதைவிட மிகவும் மெலிது. அதில் மூன்று துண்டுகளைச் சேர்த்து வெல்டிங் செய்தால்தான் பயன்படும். எதை வாங்கினாலும் அது முறையாக வந்த பொருளா என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். ரயில்வே தண்டவாளம் திருட்டுப் பொருளாகக் கைமாறும் அபாயம் எப்போதும் உண்டு. மலேசியாவில் பழம்பொருள் வணிகத்துக்கு 1946-ஆம் ஆண்டிலிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது; உரிமம் பெற்ற கடையில், ரசீதுடன் வாங்குவதே பாதுகாப்பு.

கட்டை கிடைத்தபின் அதை நிறுத்துவது எப்படி என்பதுதான் மெய்யான வேலை. அடிமரத்துக்கு நம் கைக்கு எளிதில் எட்டும் இரண்டு மரங்களும் ஏற்றவை அல்ல. செம்பனையின் தண்டு உள்ளே பஞ்சுபோன்ற நார்; அடியைத் தாங்காது. ரப்பர் மரம் அறுத்துப் பதப்படுத்தினால் நல்ல நாற்காலியாகும். பச்சையாக வைத்தால் பூஞ்சையும் துளைக்கும் வண்டும் விரைவில் பிடித்துவிடும். செங்கால், மெர்பாவ் போன்ற கனமரத்தின் அடித்துண்டு கிடைத்தால் நல்லது. நாற்பது சென்டிமீட்டராவது குறுக்களவு இருக்க வேண்டும். நார்முனை மேலே தெரியும்படி நிமிர்த்தி வைக்க வேண்டும். பழைய ரயில் பாதையின் சிலிப்பர் கட்டைகளைச் சேர்த்துக் கட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். அவற்றில் பல கிரியோசோட் என்னும் தாரெண்ணெய் ஏற்றப்பட்டவை. நெருப்புப் பொறி பறக்கும் இடத்துக்கு அவை ஆகா. தோலிலும் எரிச்சல் உண்டாக்கும்.

நல்ல மரம் கிடைக்காவிட்டால் மணல்பெட்டி போதும். நம் ஈரப்பதத்துக்கும் கரையானுக்கும் அதுவே சிறந்தது என்பேன். நாற்பது சென்டிமீட்டர் சதுரமும் ஐம்பது சென்டிமீட்டர் உயரமும் உள்ள கனத் தகட்டுப் பெட்டி ஒன்றைச் செய்து, கட்டையை நடுவில் நிறுத்தி, சுற்றிலும் உலர்ந்த ஆற்று மணலைச் சிறிது சிறிதாகப் போட்டுக் கம்பியால் குத்தி இறுக்க வேண்டும். அவ்வளவு மணல் மட்டுமே நூற்றிருபது கிலோ அளவுக்கு வரும். கட்டையின் அடிமுனை மணலில் நிற்காமல், பெட்டியின் அடியில் இட்ட கனத்த பலகையின்மேலோ இரும்புத் தகட்டின்மேலோ நிற்க வேண்டும். இல்லையென்றால் நாளடைவில் புதைந்துகொண்டே போகும். மணல் ஓசையையும் விழுங்கிக்கொள்வதால் அண்டை வீட்டாருக்கும் தொல்லை குறையும். கொம்புப் பட்டடையாக இருந்தால், இடுப்பில் ஒரு கனத்த சங்கிலியை இறுக்கிச் சுற்றினாலோ, வாலின் அடியில் பெரிய காந்தம் ஒன்றை ஒட்டினாலோ அதன் ஒலி வெகுவாகக் குறையும்.

உயரத்தை அளக்க, வேலைக்கு அணியும் காலணியோடு நேராக நின்று, விரல்களை மடக்கிக் கையைத் தொங்கவிட வேண்டும். விரல் முட்டிகள் தொடும் உயரமே பட்டடை முகத்தின் உயரம். இந்த அளவு சரிதானா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. முகத்தின்மேல் ஒரு மென்பலகையை வைத்து, இயல்பாக நின்று, வழக்கமான வீச்சில் நாலைந்து அடி அடித்துவிட்டுப் பலகையில் விழுந்த தடத்தைப் பாருங்கள். தடம் முழு வட்டமாக ஒரே ஆழத்தில் இருந்தால் உயரம் சரி. உங்களுக்கு அப்பாலுள்ள ஓரம் ஆழமாகப் பதிந்திருந்தால் பட்டடை தாழ்வாக இருக்கிறது; உங்கள் பக்கத்து ஓரம் ஆழமாக இருந்தால் உயரமாக இருக்கிறது. பலகையின் கனத்தையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு, இரண்டு சென்டிமீட்டர் ஏற்றி இறக்கிச் சரிசெய்ய வேண்டும். தாழ்ந்த பட்டடை முதுகைக் கெடுக்கும், உயர்ந்த பட்டடை தோளைக் கெடுக்கும். ஒரு நாளில் தெரியாத இந்தக் கேடு சில மாதங்களில் தெரியும்.

உலையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் தொடக்கத்துக்கு அது மிக எளிய அமைப்பு. அறுபதுக்கு நாற்பத்தைந்து சென்டிமீட்டர் அளவில், இருபத்தைந்து சென்டிமீட்டர் ஆழமுள்ள பெட்டி. அதற்குள் புற்றுமண்ணையோ களிமண்ணையோ மணலோடு பிசைந்து பூசி, நடுவில் இரு கை அகலத்துக்கு ஒரு குழி. பக்கவாட்டிலிருந்து குழியின் அடிக்குச் சற்று மேலே வந்து சேரும் ஓர் அங்குல இரும்புக் குழாய். குழாய் கறுப்பு இரும்பாக இருக்க வேண்டும். ஹார்ட்வேர் கடைகளில் தண்ணீருக்கு விற்கும் குழாய் துத்தநாகம் பூசப்பட்டது. துத்தநாகம் 907 பாகை செல்சியஸில் ஆவியாகிவிடும். அந்தப் புகையைச் சுவாசித்தால் குளிர்காய்ச்சலும் நெஞ்சில் இறுக்கமும் உண்டாகும். துத்தநாகம் பூசிய எதையும் உலையில் வைக்கவே கூடாது. உலைக்குள் ஆற்றுக் கற்களையும் வைக்க வேண்டாம். உள்ளே தங்கிய ஈரம் ஆவியாகிக் கல் வெடிக்கும்.

காற்றுக்குக் கைத்துருத்தியோ கையால் சுற்றும் விசிறியோ சிறந்தது, கை நின்றால் காற்றும் நின்றுவிடும் என்பதால் கரி வீணாகாது. மின்விசிறி வைத்தால் குழாயில் ஓர் அடைப்பான் அவசியம். கரியைப் பொறுத்தவரை பேராக்கில் இருப்பவர்கள் பாக்கியசாலிகள். மாத்தாங் சதுப்புநிலக் காடு ஏறக்குறைய 40,000 ஹெக்டர் பரப்புள்ளது. அங்கே முப்பது ஆண்டுச் சுழற்சியில் வெட்டப்படும் பாக்காவ் மரங்களைக் கோலா செப்பெத்தாங் சூளைகளில் கரியாக்குகிறார்கள். கனமான கரி, பற்றிக்கொள்ளச் சற்று நேரம் எடுக்கும், பற்றியபின் நீடித்து எரியும். நெல்லிக்காயிலிருந்து எலுமிச்சை வரையிலான அளவில் உடைத்துப் போட வேண்டும். தூளைச் சலித்துவிட வேண்டும், அது காற்றை அடைத்துப் பொறியைக் கிளப்பும். காற்றுக் குழாயின் வாய்க்கு மிக அருகில் இரும்பை வைத்தால் அது செதில் செதிலாகத் தேயும். வாயிலிருந்து நான்கு விரல் தள்ளி, கரி மேலும் கீழும் சூழ்ந்திருக்கும் இடமே இரும்பு பழுக்கும் இடம். கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு வெளிப்படுவதால் மூடிய அறைக்குள் உலை வைக்கக் கூடாது.

பட்டறைக்கு நாற்புறமும் காற்று வரும் தகரக் கொட்டகையே நன்று. அத்தாப்புக் கூரை பொறிக்கு ஆகாது. வெயில் நேரே விழக் கூடாது. இரும்பின் பதத்தை நிறத்தைக்கொண்டுதான் அறிகிறோம். வெளிச்சம் கூடினால் செம்மஞ்சளாகப் பழுத்த இரும்புகூட மங்கலாகத் தெரியும், அதை மேலும் காய்ச்சிக் கெடுத்துவிடுவோம். தரை மண்தரையாக இருப்பதே நல்லது. சிமெண்டுத் தரையில் பழுத்த இரும்பு விழுந்தால், உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகிச் சிமெண்டு சிதறக்கூடும். லயத்து வீடுகளிலும் சுவரோடு சுவர் ஒட்டிய தாமான் வீடுகளிலும் இந்த வேலை அண்டை வீட்டாரோடு சச்சரவாகத்தான் முடியும். தனி நிலமுள்ள வீட்டின் பின்புறமே பொருத்தம். பணம் வாங்கிச் செய்யத் தொடங்கும்போது ஊராட்சி மன்றத்தில் உரிமம் பற்றிக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

உலைக்கும் பட்டடைக்கும் இடைவெளி, ஒரே ஓர் அடி எடுத்து வைத்துத் திரும்பும் தூரம்; அதற்கு மேல் வேண்டாம். விரல் கனக் கம்பி உலையைவிட்டு வெளியே வந்த நொடியிலிருந்தே சூட்டை இழக்கிறது. நடந்து கழியும் ஒவ்வொரு நொடியும் ஒன்றிரண்டு சுத்தியல் அடிகளை விழுங்குகிறது. இரும்பை இறுகப் பிடித்து நிறுத்தும் வைஸும் அதே எட்டில் இருக்க வேண்டும். தண்ணீர் வாளி உலைக்குப் பக்கத்தில். எஃகைத் தோய்ப்பதற்கான எண்ணெய் டின் உலையிலிருந்து தள்ளி. உலைக்கும் பட்டடைக்கும் நடுவே கால் இடறும் எதுவும் கிடக்கக் கூடாது. மணல் வாளி ஒன்று எப்போதும் நிறைந்திருக்கட்டும்.

கருவிகளில் 1 கிலோ சுத்தியல் ஒன்று, கம்பித் தூரிகை ஒன்று, கண்ணாடி, காதடைப்பு, பருத்திச் சட்டை, தோல் காலணி ஆகியவற்றோடு தொடங்கலாம். நைலான் கலந்த துணி பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். புதுச் சுத்தியலின் முகத்து ஓரங்களை அரத்தால் உருட்டிவிட வேண்டும். கூரான ஓரம் ஒவ்வோர் அடியிலும் இரும்பில் பிறைத்தழும்பை விடும். குறடு உடனே தேவையில்லை. அறுபது சென்டிமீட்டர் நீளக் கம்பியை எடுத்துக்கொண்டால் மறுமுனை கையில் பிடிக்கும் சூட்டிலேயே இருக்கும். ஒரு முனையில் வேலையை முடித்துவிட்டுக் கடைசியில் வெட்டிக்கொள்ளலாம். சுவரில் மாட்டும் கொக்கி, வாளிக் கொக்கி, தகரம் குத்தும் ஊசி என்று இப்படிச் செய்யும் பொருள்களிலேயே நீட்டுதல், வளைத்தல், முறுக்குதல், தட்டையாக்கல் எல்லாம் பழகிவிடும். இரும்பு மங்கிய சிவப்புக்குக் கீழே போனதும் அடிப்பதை நிறுத்தி மறுபடி உலையில் வைக்க வேண்டும்; வெண்ணிறமாகி மத்தாப்புபோல் பொறி தெறித்தால் எஃகு எரிகிறது, அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிட வேண்டும்.

பாராங் கத்தியையும் அரிவாளையும் முதல் வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். தோய்ச்சல், அதாவது பழுத்த எஃகை அமிழ்த்திக் கடினமாக்கும் வேலை, சரியில்லாத அரிவாள் உயரமான கம்பின் நுனியில் உடைந்தால் கீழே நிற்பவர் தலைக்கு ஆபத்து. கொக்கியும் ஊசியும் கைவந்தபின், லோரி ஸ்பிரிங் பட்டையில் சிறிய உளி ஒன்றைச் செய்து தோய்ச்சலைப் பழகலாம். அந்த எஃகில் கரிமம் 0.6 விழுக்காட்டை ஒட்டி இருக்கும். தண்ணீரில் தோய்த்தால் வெடிக்கும் வாய்ப்பு உண்டு. காந்தம் ஒட்டாத சூடு 770 பாகை. அதைச் சற்றுத் தாண்டியதும், வெதுவெதுப்பாக்கிய செம்பனைச் சமையல் எண்ணெயில் முழுவதுமாக அமிழ்த்த வேண்டும். பாதி அமிழ்ந்த நிலையில் நிறுத்தினால் எண்ணெய் மேலே தீப்பற்றும். இரும்பு டின்னும் அதற்கு இறுக்கமான மூடியும் இதற்காகவே. பிறகு பளபளக்கத் துலக்கி, அதன்மேல் வைக்கோல் நிறம் தோன்றும்வரை மெல்லச் சூடாக்கினால், உடையும் தன்மை தணியும்.

கொம்புப் பட்டடையைத் தேட வேண்டிய காலம், நிமிர்ந்த கட்டையில் செய்ய முடியாத வேலைகள் அடிக்கடி வரத் தொடங்கும்போதுதான்: பெரிய வளையங்கள், சதுரத் துளையில் செருகும் வெட்டுளி தேவைப்படும் தொடர் வேலைகள், இருவர் சேர்ந்து சம்மட்டி அடிக்கும் கனத்த மண்வெட்டி வேலைகள். அதற்குள் பேரிங் குண்டின் பதிலைப் படிக்கும் பழக்கமும், எந்த எடை தனக்கு வேண்டும் என்ற தெளிவும் வந்திருக்கும். புதிய பட்டடை வந்தபின்னும் பழைய கட்டையை விற்றுவிட வேண்டாம். தண்டின் முனையில் ஒரு பக்கத்தை உருட்டி, இன்னொரு பக்கத்தில் பள்ளம் வெட்டி வைத்துக்கொண்டால், கரண்டிக் குழியும் குழாய் வளைவும் அடிப்பதற்கு அதைவிட வசதியான தாங்கல் கிடைப்பது அரிது.